புள்ளடி போட்ட இடமெல்லாம்

கேள்வி: மச்சான் ஓட்டோ எடுத்தபோது லீசிங் பத்திரத்தில் நானும் கையெழுத்து வைத்தேன். "சும்மா சாட்சிக்குத்தான்" என்றார்கள். வாசித்துப் பார்க்கவில்லை. அவர் தவணை கட்டாததால் இப்போது எனக்குக் கடிதம் வருகிறது. கடனே வாங்காத என்னிடம் எப்படிக் கேட்கலாம்? வாசிக்காமல் வைத்த கையெழுத்துச் செல்லுமா?

- வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: செல்லும்.

சாட்சிக்கு என்றவர்கள் உங்களிடம் சம்பளத் துண்டு கேட்டிருப்பார்களே? கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து வைக்கிறவரிடம் யாராவது சம்பளத் துண்டு கேட்பதுண்டா? அங்கேயே உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்: நீங்கள் வைத்தது சாட்சிக் கையெழுத்தல்ல, பிணைக் கையெழுத்து, அதாவது மச்சான் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்பது. கோட்டை வாசலில் நிற்கும் மான்கூடக் கடதாசியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது.

நடந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். அலுவலர் பென்சிலால் புள்ளடி போட்டு வைத்திருப்பார். விரலை நனைத்துப் பக்கத்தைப் புரட்டி, "இதில ஒண்டு, இதில ஒண்டு" என்பார். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். பக்கத்தில் மச்சான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் வாசிக்கத் தொடங்கினால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே! நானும் அப்படி வைத்திருக்கிறேன், மறைப்பானேன்.

ஒல்லாந்தர் 1795இல் நம்மூர்க் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டம் போகவில்லை. பிணை நின்றவருக்கு அதில் நல்ல சலுகை ஒன்று உண்டு: "முதலில் கடன் வாங்கியவரிடம் போ, அவர் சொத்தில் எடு, போதாவிட்டால் என்னிடம் வா" என்று சொல்லலாம். உரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் கி.பி. 535இல் கொடுத்தது. ஆனால் பிணைப் பத்திரங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: பிணையாளருக்குச் சட்டம் தரும் சலுகைகளை நான் கைவிடுகிறேன். உங்கள் பத்திரத்திலும் அது இருந்தால், பதினான்கு நூற்றாண்டு தாண்டி வந்த உரிமையை நீங்களே ஒரு பேனாக் கீறலில் அனுப்பிவிட்டீர்கள். இனி அவர்கள் மச்சானைத் தேடாமல் நேரே உங்கள் வீட்டுக்கு வரலாம்.

ஏமாற்றி வாங்கினார்கள் என்று வாதாடலாம். நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "சும்மா" என்ற சொல்லுக்குச் சாட்சி யார்? மச்சானா?

சரி, இப்போது செய்யக்கூடியது. பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். பிணை நின்ற கடனும் கிரிப் அறிக்கையில் (யார் எவ்வளவு கடன்பட்டார், ஒழுங்காகக் கட்டினாரா என்று வங்கிகள் பார்க்கும் பதிவு) உங்கள் பெயரில் விழும், நாளைக்கு உங்களுக்கே ஒரு கடன் தேவைப்படும்போது முன்னால் வந்து நிற்கும். ஓட்டோ இன்னும் ஓடுகிறதா, யாருக்காவது கைமாறிவிட்டதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். நீங்கள் கட்ட நேர்ந்தால், கட்டியது நீங்கள்தான் என்று எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். மச்சானிடம் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். அதையாவது வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.