பாசி கட்டப் போகிறேன் என்கிறாள் மகள்

அம்மா, "பிளஸ் டூவில் உயிரியல் படித்த பிள்ளை, பெப்சி பாசி கட்டப் போகிறேன் என்கிறாளே" என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பெப்சி பாசி என்பது மிதவையில் கட்டிக் கடலில் வளர்க்கும் ஒரு கடற்பாசி. அவள் கேட்பதில் தப்பில்லை. கணக்கைத்தான் அவள் முழுசாகப் போட்டுப் பார்க்கவில்லை.

12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்றுக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி (வளர்வதற்காகக் கட்டும் பாசித் துண்டுகள்) கட்ட வேண்டும். 45 நாளில் அது நாலு மடங்காகும். அதில் 60 கிலோ மறுபடி விதைக்கு. மிச்சத்தைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆக, மிதவைக்கு 18 கிலோ. அதனால்தான் ஆளுக்கு 45 மிதவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், நாளுக்கு ஒன்றாக அறுக்கலாம். மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் மிதவைக்கு 1,500 ரூபாய் என மதிப்பிட்டு, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் தருகிறார்கள். 45 மிதவைக்கு உங்கள் கைக்காசு 27,000 ரூபாய்.

இதுவரை நல்ல சேதி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணை சும்மா இருக்காது. மிதவை உடையும், விதை போகும். சித்திரை வெயிலில் நீர் சூடேறினால் கிளை வெளுத்து ஒடிந்து விழும். ஐஸ் ஐஸ் நோய் என்பார்கள். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். வருமானத்தை 12 மாதத்துக்குப் பெருக்காதீர்கள்; 8 மாதம் என்று வைத்துப் போடுங்கள். இந்தத் தொழிலில் விதையைக் காப்பாற்றியவள்தான் தை மாதம் முதலில் கடலில் இறங்குகிறாள்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் மட்டும் வேண்டாம். அது தேசியப் பூங்கா. குருசடைத் தீவில் இந்தப் பாசியே பவளப்பாறைமேல் படர்ந்து மூடியது.

படிப்பை விட வேண்டிய அவசியமும் இல்லை. உயிரியல் எடுத்திருப்பதால் பி.எஃப்.எஸ்சி. என்ற நாலு வருட மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு மூன்று இடத்திலும் கல்லூரி உண்டு. மிதவை கட்டப் பட்டம் தேவையில்லைதான். ஆனால் நோய் தாங்கும் விதை, பாசியிலிருந்து காரஜீனன் பிரிப்பது, தரம் பார்ப்பது எல்லாம் படித்தவர்கள் வேலை. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் சரக்கு அந்தக் காரஜீனன்தான். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023-ல் அடிக்கல் நாட்டிய கடற்பாசிப் பூங்காவும் விதையையும் பதப்படுத்தலையும் நம்பித்தான் வருகிறது. கடலில் இறங்கிப் பழகிய கையோடு அந்த வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் குறைவு.

என் யோசனை: விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். சேர்க்கை வரும்வரை உங்கள் ஊர் மகளிர் குழுவோடு அவள் பத்து மிதவை கட்டட்டும், ஒரு அறுவடை பார்க்கட்டும். கல்லூரி போன பிறகு நீங்களோ அவள் சித்தியோ பார்த்துக்கொள்ளலாம்.

பணம் போடும் முன் குழுவில் இரண்டு கேள்வி கேளுங்கள். காய்ந்த பாசியை யார் எடுக்கிறார்கள், விலையை எழுத்தில் தருகிறார்களா? போன மழைக்கு விதையை எங்கே வைத்திருந்தீர்கள்? இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு குழு பாருங்கள்.