கைவிடப்பட்ட பழைய சுரங்கம் நிலத்தடியில் எங்கே இருக்கிறது என்று தோண்டாமலே கண்டுபிடிக்க முடியுமா? எந்தக் கருவி சரியாக இருக்கும்?

பெரும்பாலும் முடியும். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்: குடைவு எவ்வளவு ஆழத்தில் இருக்கலாம், இப்போது அதற்குள் என்ன இருக்கிறது. காற்றா, தண்ணீரா, கூரை சரிந்து விழுந்த கல்லும் மண்ணுமா? இந்த அளவீட்டு வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மின்தடை அளவீட்டை, அதாவது நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று பார்ப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். காற்று நிரம்பிய குடைவு, சுற்றியுள்ள பாறையைவிட அதிக மின்தடை காட்டும். அதிலேயே தாதுக்கள் கரைந்த சுரங்கத் தண்ணீர் தேங்கியிருந்தால் மின்தடை மடமடவென்று இறங்கிவிடும். தரை ஊடுருவும் ரேடாரைத்தான் பலரும் கேட்கிறார்கள். மேலே ஈரக் களிமண் இருந்தால் அதன் அலை ஓரிரு மீட்டரிலேயே அடங்கிவிடும். செங்கல் கட்டிய பழைய இறங்குகுழி என்றால் காந்த அளவீடு கைகொடுக்கும், சுட்ட செங்கல்லுக்கே காந்தத்தன்மை உண்டு.

எனக்கு அதிக நம்பிக்கை நுண் ஈர்ப்பு அளவீட்டில். வெற்றிடத்தில் பாறை இல்லாததால் அதற்கு நேர் மேலே புவியீர்ப்பு துளி குறையும். 2 மீட்டர் விட்டமுள்ள, காற்று நிரம்பிய சுரங்கப்பாதை 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்தக் குறைவு சுமார் 10 மைக்ரோகால் (புவியீர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு). மொத்தப் புவியீர்ப்போ கிட்டத்தட்ட 98 கோடி மைக்ரோகால்! கருவியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினாலே 3 மைக்ரோகால் மாறும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் எடுக்கிறோம், அடிக்கடி தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி வந்து கருவி காட்டும் அளவு நேரம் போகப் போகத் தானாக விலகுவதைச் சரிபார்க்கிறோம். பொறுமை இல்லாதவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பழைய வரைபடம் கையில் இருக்கிறதே என்று அளவீட்டைத் தவிர்க்கவும் கூடாது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், க்யூகிரீக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பக்கத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடந்த கைவிடப்பட்ட சுரங்கத்தை உடைத்துவிட்டார்கள். வரைபடத்தின்படி அது இன்னும் தள்ளி இருக்க வேண்டும். வெள்ளத்தில் சிக்கிய 9 பேரும் மூன்று நாளுக்கு மேல் போராடிய பிறகுதான் உயிரோடு மேலே வந்தார்கள்.

அப்புறம், ஒரே முறையை நம்பாமல் இரண்டையாவது சேர்த்துச் செய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே துளையிட்டுக் கேமரா இறக்குங்கள். கலங்கிய தண்ணீர் என்றால் கேமராவுக்குப் பதில் ஒலி அலையால் அளக்கும் சோனார். துளை போடாதவரை அந்த நிலத்தில் அஸ்திவாரம் போட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.