ஒரு காபிப் பழம், மூன்று தக்காளி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன வாரம் ஏற்காடு போயிருந்தோம். எஸ்டேட் பாதையில் உதிர்ந்து கிடந்த நாலைந்து காபிப் பழங்களை எடுத்து வந்து, மகளுடைய வாட்டர்கலரில் வரைந்து பார்த்தேன். மூன்று முறையும் தக்காளிதான் வந்தது. நிழலுக்குக் கறுப்பு வைத்ததும் எல்லாம் சேறாகிவிட்டது, தாள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. விலை கூடின பெயிண்ட் வாங்கினால் சரியாகுமா? 46 வயதில் ஆரம்பிப்பது தாமதமா?

ம., அஸ்தம்பட்டி

அன்புள்ள ம.,

வயதை விடுங்கள், பெயிண்டும் இருப்பதே போதும். காசு செலவழிப்பதென்றால் தாளுக்குச் செலவழியுங்கள். ட்ராயிங் நோட்டுத் தாள் இவ்வளவு தண்ணீரைத் தாங்காது, அதனால்தான் வளைந்தது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள் ஒன்றை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள், நாலு படம் ஆச்சு. 6ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று, தண்ணீர் இரண்டு டம்ளர், ஒன்று கழுவ, ஒன்று கலக்க.

இனி பழத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பத்து நிமிஷம் பிரஷைத் தொட வேண்டாம். காம்புக்கு எதிர்ப்பக்க நுனியில், பூ உதிர்ந்த இடத்தில், சின்னதாக வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா? அதை விட்டிருப்பீர்கள், அதனால்தான் தக்காளி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். பழமும் முழு உருண்டையாக இருக்காது, கொஞ்சம் நீளவாக்கு. காம்புப் பக்கம் இன்னும் மஞ்சள் மிச்சமிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்று இரண்டு ஓவியர்கள் நம் தென்னிந்தியச் செடிகளை வரைந்தார்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார். இந்த மாதிரி தழும்பையெல்லாம் விடாமல் பார்க்கிற கண்தான் அவர்களுடைய தொழில்.

பளபளப்பான தோலில் ஜன்னல் வெள்ளையாக விழுந்திருக்கும், அந்த வெள்ளையைப் பென்சிலில் லேசாகக் கோடு போட்டுக் கடைசிவரை தொடாமல் விடுங்கள். அங்கே தாளின் வெள்ளைதான் வெளிச்சம்.

மீதி இடம் முழுக்க நீர்த்த மஞ்சள். அது ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் சிவப்பைத் தொட்டு வையுங்கள், தானாக ஓடிக் கலக்கும், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம், நடுவில் பிரஷை விட்டுக் கிண்டாதீர்கள். அப்புறம் காத்திருங்கள். மினுமினுப்பு போய்விட்டது, ஆனால் உள்ளே ஈரம் இருக்கிறது என்கிற அந்த நேரம்தான் ஆபத்து, தண்ணீர் அதிகமுள்ள பிரஷ் பட்டால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிக்கொள்ளும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சேலத்து ஏப்ரலில் ஃபேனுக்கு அடியில் வரைந்தால் பிரஷை நனைத்துத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும், ஏற்காட்டு மூடுபனியிலோ ஒரு டீ குடித்து வந்தாலும் காயாது. ஊருக்குத் தகுந்த மாதிரி பொறுமை வேண்டும்.

நன்றாகக் காய்ந்தபிறகு இரண்டாவது பூச்சு, கெட்டியான சிவப்பு. காய்ந்தால் நிறம் வெளுக்கும், அதனால் கொஞ்சம் அடர்த்தியாகவே வையுங்கள். நிழற்பக்கத்துக்கு அதே சிவப்பில் துளி பச்சை. கறுப்பு ட்யூபை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், சேறானதற்குப் பாதிக் காரணம் அது, மீதிப் பாதி காயும் முன் மேலே மேலே தேய்த்தது. தரையில் விழும் நிழலுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்த நீர்த்த சாம்பல், பழத்தை ஒட்டின இடத்தில் துளி சிவப்பு.

மிச்சப் பழங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தட்டில் வைத்து, தினமும் அதே பழத்தை அதே ஜன்னலடியில் வரையுங்கள். தோல் சுருங்கும், சிவப்பு பழுப்பாகிக் கறுக்கும், பளபளப்பு போய்விடும். அந்தக் கறுப்பும் நீலத்தையும் சியன்னாவையும் கலந்தாலே வரும், ட்யூபைத் தேடாதீர்கள். ஒரு வாரம் ஆனதும் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அந்தத் தக்காளி மூன்றையும் சேர்த்து.