அலமாரியில் ஒரு பை மருந்து

கேள்வி: படுக்கையில் இருக்கும் மாமியாரைச் சிங்கப்பூரில், ஈசூன் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம். மருந்து கொடுப்பது பணிப்பெண். போன வாரம் அலமாரியைத் திறந்தால் தேதி முடிந்த மருந்தே ஒரு பை நிறைய. கழிப்பறையில் கொட்டலாமா? பிரிக்காத அட்டைகளை யாருக்காவது கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கழிப்பறையில் போகும் மருந்து தண்ணீரில் கலக்கும். குப்பையில் போடுங்கள், இங்கே வீட்டுக் குப்பையை எரித்துச் சாம்பலைத்தான் குப்பை நிரப்பும் இடமான செமக்காவ் தீவுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காப்பிச் சக்கையோடு கலந்து பையில் இறுகக் கட்டிவிடுங்கள். மாமியார் பெயர் உள்ள ஒட்டுச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். புற்றுநோய் மருந்து இருந்தால் அதைத் தொடாமல், கொடுத்த மருத்துவமனையின் மருந்தகத்தையே கேளுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடிவிட வேண்டும்.

பெட்டியில் அச்சடித்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். தாதிமை இல்லம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, மருந்து வண்டியில் ஒரு தாத்தாவின் கண்சொட்டு மருந்து இருந்தது. அச்சிட்ட தேதிக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஆனால் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. எப்போது திறந்தது என்று எங்கும் எழுதவில்லை. அவர் கண் சிவந்திருந்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது. கண்சொட்டு மருந்தைத் திறந்தால் பெரும்பாலும் 4 வாரம்தான். வெளியே வைத்துப் பயன்படுத்தும் இன்சுலினும் பெரும்பாலும் 28 நாள்தான். திறந்த அன்றே புட்டியில் டேப் ஒட்டித் தேதி எழுதச் சொல்லுங்கள். எண் என்பதால் பணிப்பெண்ணுக்கு எந்த மொழி தெரிந்தாலும் புரியும்.

அப்புறம், பையைக் கட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பிரிக்காத அட்டைகள் என்ன மருந்து? இரத்த அழுத்த மாத்திரை இவ்வளவு மிஞ்சியிருந்தால், மாமியாருக்குப் பல வேளை அது போய்ச் சேரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மருத்துவரோ, அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நினைத்து அளவைக் கூட்டியிருப்பார். பணிப்பெண்ணைத் திட்டாதீர்கள், மாமியார் துப்பிவிடுகிறாரா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். எது எத்தனை மிஞ்சியது என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் கொண்டுபோங்கள். அதுவரை அந்தப் பை தினசரி மருந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.