மிஸியைக் கேளுங்கள்: ‘என்ட்ரன்ஸ்’ கிளாஸுக்குக் காசு கட்டலாமா?

உயர்தரப் பெறுபேறு வந்ததிலிருந்து தபாலில் வருவதெல்லாம் தாதியர் படிப்பைப் பற்றிய கேள்விகள்தான். முழங்கால் வலிக்காரரும் சர்க்கரைக்காரரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஸி, உயிரியல் பிரிவில் இரண்டு சி, ஒரு எஸ் எடுத்திருக்கிறேன். மருத்துவத்துக்குக் காணாது. தாதியாக வரத்தான் எனக்கு விருப்பமும். எங்கள் தெருவில் ‘தாதியர் கல்லூரி நுழைவுப் பரீட்சை, மூன்று மாதப் பயிற்சி’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். முழுக் காசையும் முதலே கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

கட்ட வேண்டாம் மகள். முதலில் அந்தக் கிளாஸ்காரரிடம் போய், “இது எந்தக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுவார். அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குத் தனியாக எழுத்துப் பரீட்சை கிடையாது. நீங்கள் எழுதி முடித்த உயர்தரம்தான் நுழைவுப் பரீட்சை. கட்டடக்கலை போன்ற சில பட்டப்படிப்புகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைக்கிறார்களே, அந்தப் பேச்சு தாதியத்தில் இல்லை.

அரச வழி இரண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் மூன்று வருடப் பயிற்சி. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பல ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு உண்டு. இதற்கான விண்ணப்பம் வர்த்தமானியில் கோரப்படும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும், தமிழிலும் வரும். எந்த ஆண்டு உயர்தரம் எழுதியவர்கள், எந்தப் பாடங்கள், சாதாரண தரத்தில் மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு என்ன சித்தி, வயது எவ்வளவு என்பதெல்லாம் அந்த அறிவித்தலிலேயே இருக்கும். இங்கேதான் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். பெறுபேறு வந்த அடுத்த மாதமே கூப்பிடுவார்கள் என்று நினைத்து, கூப்பிடாததும் சோர்ந்துவிடுகிறார்கள். அமைச்சு பெரும்பாலும் பின்தங்கியே ஆள் எடுக்கும். ஓரிரு வருடத்துக்கு முந்தைய உயர்தரக்காரர்களை இப்போது கூப்பிடுவது வழக்கம். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியைப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார், பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள் என்பதை நம்பியிருந்தால் முடிவுத் திகதி போய்விடும்.

மற்றது, நான்கு வருடத் தாதியப் பட்டப்படிப்பு. இதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. தெரிவு இசட் புள்ளிப்படி. பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உங்கள் சி, சி, எஸ்ஸை மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே சி எடுத்த இரண்டு பேருக்கு இசட் புள்ளி வேறு வேறாக இருக்கும். அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆணைக்குழு வெளியிடும் முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளில் (கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி) உங்கள் மாவட்டத்து நிரலைப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒரே படிப்புக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தனித்தனிக் குறியீடு உண்டு. ‘தாதியம், கொழும்பு’ என்று ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிற்காமல், போகத் தயாரான எல்லா இடத்தையும் விருப்ப வரிசையில் போடுங்கள். மட்டக்களப்பு தூரம் என்று அம்மா அழுவார். அழட்டும், பிறகு அவரே வந்து விடுதியில் விட்டுவிட்டுப் போவார்.

அந்த மூன்று மாதக் காசு கையில் இருந்தால் ஆங்கிலத்துக்குச் செலவழியுங்கள். தமிழில் உயிரியல் படித்த பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவது பாடம் விளங்காமல் இல்லை, பாடம் நடக்கும் மொழியால். கொழும்பு வார்டில் வேலை செய்யச் சிங்களமும் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மொனராகலையிலிருந்து வந்த அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று கேட்க மொழிபெயர்ப்பாளர் வர மாட்டார்.

மகளின் பிறப்புச் சான்றிதழில் அவளின் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும். உயர்தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?
— ஒரு தாய், மட்டக்குளி

அக்கா, நல்ல வேளை இப்போதே கேட்டீர்கள். நம்முடைய ஆட்களின் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது புள்ளியில் குறைவு, பெயரில்தான் அதிகம். அப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா, ‘டி’யா ‘டிஎச்’சா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதிபர் எழுதியது எது என்று ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும்.

முதலெழுத்தாகச் சுருக்கியிருப்பது மட்டும் என்றால் பெரிய சிக்கல் இல்லை. முழுப் பெயர் கேட்கும் இடத்தில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். எழுத்தே வேறென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் கடதாசியோடு நிற்க வேண்டாம், பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு நாள் எடுக்கும், வர்த்தமானி வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களை ஆங்கிலத்திலும் பரீட்சைத் திணைக்களத்திடம் எடுத்துவிடுங்கள். ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், பெலவத்தை வரை அலைய வேண்டியதில்லை.

தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபால்தான். உறையின் இடது மேல் மூலையில் எதை எழுதச் சொல்லியிருக்கிறார்களோ அதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுங்கள். பிரதி கேட்டால் பிரதி. மூலச் சான்றிதழை நேர்முகப் பரீட்சைக்குக் கையில் கொண்டு போகலாம். அந்த நேர்முகத்தில் பெரும்பாலும் சான்றிதழைத்தான் துருவிப் பார்ப்பார்கள், அதனால் மகளை ‘ஜெனரல் நொலெட்ஜ்’ புத்தகத்தோடு வதைக்க வேண்டாம்.

ஆம்பிளைகள் விண்ணப்பிக்கலாமா?
— தம்பி, கிராண்ட்பாஸ்

தாராளமாக. பயிற்சிக் கல்லூரிகளில் ஆண்களுக்கு ஒதுக்கும் இடம் சிறியது, அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் இசட் புள்ளிதான் பேசும். எலும்பு முறிவு வார்டில் உங்களைப் போல ஒருவர் கிடைத்தால் சிஸ்டர்கள் கும்பிடுவார்கள்.

நான் வர்த்தகப் பிரிவு. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் தாதியர் பாடசாலையில் எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் என்று அழைத்திருக்கிறார்கள். எப்படித் தயாராவது?
— வாசகி, வத்தளை

இங்கே உண்மையிலேயே பரீட்சை இருக்கிறது. ஆங்கிலப் பந்தி ஒன்றை வாசித்து விடை எழுதுவது, சாதாரண தர விஞ்ஞானம், கொஞ்சம் கணக்கு என்றுதான் பெரும்பாலும் வரும். பத்தாம், பதினோராம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் மனித உடல் பற்றிய பாடங்களைத் திரும்பப் படியுங்கள். கணக்கைக் கல்குலேட்டர் இல்லாமல் பழகுங்கள். ஒன்று தருகிறேன்: 1000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை துளி? 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரித்தால் ஏறத்தாழ 42. இதைக் கடதாசியில் போடக் கை நடுங்காவிட்டால் சரி.

நேர்முகத்தில் “ஏன் தாதியாக வர விரும்புகிறீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். வருகிற பிள்ளைகள் எல்லாம் “சேவை செய்ய” என்பார்கள், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். அம்மம்மாவுக்கு இன்சுலின் போட்டுப் பழகியிருந்தால் அதைச் சொல்லுங்கள். இரத்தம் கண்டால் முதலில் தலை சுற்றியது என்றாலும் சொல்லலாம், இப்போது எப்படி என்பதையும் சேர்த்து.

பரீட்சையைவிட முக்கியமான வேலை, காசு கட்ட முன்னர் நீங்கள் அவர்களைக் கேட்பது. முடித்த பிறகு இலங்கைத் தாதியர் சபையில் பதிவு செய்யலாமா? வார்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை கட்டில்? முடித்ததும் எத்தனை வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் மட்டும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ‘பராமரிப்பாளர்’ பயிற்சியைத் தாதியர் பயிற்சி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் மரியாதையான தொழில்தான், ஆனால் அந்தச் சான்றிதழோடு ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது.

அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறா. எனக்கும் விசா வந்துவிட்டது. அங்கே நர்சிங் படிக்க ‘டீஸ்’ (TEAS) என்று ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். வெள்ளவத்தையில் இருந்துகொண்டே படிக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

படிக்கலாம். ஆனால் எந்தக் கல்லூரி என்று அக்காவிடம் முதலில் முடிவெடுங்கள். சில கல்லூரிகள் டீஸ் கேட்கும், சில ஹெஸி ஏ2 (HESI A2) என்ற வேறொரு நுழைவுப் பரீட்சையைக் கேட்கும். எத்தனை தடவை எழுதலாம், எவ்வளவு புள்ளி வேண்டும் என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

டீஸ் என்றால் 170 கேள்வி, 209 நிமிடம். வாசிப்பு 45 கேள்வி, கணக்கு 38, விஞ்ஞானம் 50, ஆங்கிலம் 37. விஞ்ஞானத்தில் மற்றப் பகுதிகளைவிட அதிகம் வருவது மனித உடல் அமைப்பும் தொழிற்பாடும், உயர்தர உயிரியல் படித்தவருக்குப் பயமில்லை. கணக்கும் நமக்குச் சுலபம், ஆனால் இறாத்தல், அவுன்ஸ், அங்குலம் எல்லாம் வரும்: ஒரு கிலோ 2.2 இறாத்தல், ஒரு அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். நம் பிள்ளைகள் விழுவது வாசிப்பிலும் ஆங்கிலத்திலும்தான். ஆங்கிலப் பகுதியில் 37 கேள்விக்கு 37 நிமிடம், யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையை மணிக்கூடு வைத்து வாசித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். பிழை விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, அதனால் பரீட்சையில் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.