வாடகையை நம்பி இஎம்ஐ கட்டலாமா?

கையில 15 லட்சம், லோன் 35 லட்சம், தாம்பரத்துல 50 லட்சத்துக்குப் பழைய ஃப்ளாட், வாடகை 14,000 வரும்னு எழுதியிருக்கீங்க. பத்திரச் செலவை விட்டுட்டீங்களே! முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதுவே நாலரை லட்சம். 8.5% வட்டியில 20 வருஷத்துக்கு இஎம்ஐ 30,000-ஐத் தாண்டும். வாடகை அதுல பாதிகூட இல்ல. மீதி 16,000 சம்பளத்துலேருந்து போட முடியுமா?

முடியும்னா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் (சொத்தோட பழைய மூலப் பத்திரம்), யுடிஎஸ் (நிலத்துல ஃப்ளாட்டுக்குச் சேர்ற பங்கு) எல்லாம் வக்கீல் பார்ப்பார். தண்ணிய நீங்க பாருங்க. மே மாசம் போய், லாரி வாரத்துக்கு எத்தனை தடவை வருதுன்னு வாட்ச்மேன்கிட்ட கேளுங்க. என் ஃப்ளாட் மூணு மாசம் காலியா கிடந்துச்சு. வந்தவங்க எல்லாம் பாத்ரூம் குழாயைத் திறந்து, பக்கெட்ல மஞ்சளா நின்ன தண்ணியப் பாத்துட்டு, 'சொல்லி அனுப்புறோம்'னு கிளம்பிட்டாங்க.