138 கிரெடிட் இருக்கு, பட்டம் மட்டும் ஏன் வரல?

தம்பி, மேஜர் தாள் அத்தனையும் பாஸ், 138 கிரெடிட் (தாள் பாஸானா சேர்ற புள்ளி) இருக்கு, ஆனா பட்டத்துக்குத் தகுதி இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கன்னு தொண்டியிலிருந்து எழுதியிருக்கீங்க. ஆறு மார்க் ஷீட்டையும் தரையில விரிச்சு வச்சு, பகுதி 4, அதாவது சுற்றுச்சூழல் கல்வி மாதிரியான பொதுத் தாள் வரிகளை மட்டும் பென்சிலால கோடு போட்டுப் பாருங்க.

நம்ம பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள்ல மூணு வருசப் பட்டத்துக்குப் பொதுவா 140 கிரெடிட். பகுதி 4, பகுதி 5 (என்எஸ்எஸ் மாதிரி சேவைப் பணி) ரெண்டோட மார்க்கும் முதல் வகுப்புக் கணக்குல சேராது. அதனாலயே பிள்ளைங்க அலட்சியமா விட்டுடறாங்க. ஆனா கிரெடிட் ஏறியே ஆகணும். சுற்றுச்சூழல் கல்வி 2 கிரெடிட், உச்ச நீதிமன்ற உத்தரவால கட்டாயமான தாள். உங்களுக்குக் குறையற ரெண்டு கிரெடிட் அதுவாத்தான் இருக்கும்னு தோணுது. வேற தாள் எழுதி ஈடுகட்ட முடியாது, அதையேதான் அரியர் எழுதணும்.

120 போதும்னு படிச்சதா சொல்றீங்களே, அது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ல வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்துல மூணு வருசத்துக்கான அளவு. நீங்க சேர்ந்த வருசத்து ரெகுலேஷன் (பல்கலைக்கழக விதிமுறை) எதுவோ அதுதான் உங்களுக்கு.

பகுதி 4ல அந்த ரெண்டு கிரெடிட்டும் சரியா ஏறியிருந்தா பகுதி 5ஐயும் பாருங்க. நான் என்எஸ்எஸ் கேம்ப்ல மண்டபம் கரையில நாள் முழுக்கக் குப்பை அள்ளியும் அந்த ஒரு கிரெடிட் ஏறாம, பட்டமளிப்பு லிஸ்ட்ல பேர் விட்டுப்போச்சு. சான்றிதழ் நகலோட கடிதம் கொடுத்த பிறகுதான் ஏத்தினாங்க.

மீன்பிடித் தடைக்காலம், வருமானமில்லைன்னு அப்பாகிட்ட சொல்லத் தயங்காதீங்க. கட்ட வேண்டியது ஒரு தாள் பீஸ்தான். கடைசித் தேதியை நாளைக்கே கேட்டுட்டு வாங்க.